மெமரி ஃபோம் மெத்தை: பணம் கொடுக்கும் முன் தரம் பார்ப்பது எப்படி?

பாமணியாறு:

மன்னார்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 62. இரண்டு பேருக்குமாகச் சேர்த்து 75×60 அளவில் 6 இஞ்ச் மெமரி ஃபோம் மெத்தை வாங்கணும். அப்பா 74 கிலோ, மல்லாந்து படுப்பார். அம்மா 58 கிலோ, ஒருக்களித்துத்தான் படுப்பார். கட்டில் பழைய தேக்கு, நடுவில் நைலான் நாடா பின்னியது. அறையில் ஏசி கிடையாது, ஃபேன் மட்டும்தான். இப்போது கிடப்பது இலவம்பஞ்சு மெத்தை. பஞ்சு கட்டி கட்டியாகி நடுவில் பள்ளம்.

இங்கே, தஞ்சாவூர், கும்பகோணம் என மூன்று ஊரிலும் கடை ஏறி இறங்கியாச்சு. ஒருத்தர் '40 டென்சிட்டி' என்கிறார், இன்னொருத்தர் '50 டென்சிட்டி' என்கிறார், 'ஆர்த்தோ', 'நாசா டெக்னாலஜி' என்று ஸ்டிக்கர் வேறு. கையை வைத்து அமுக்கினால் எல்லாமே அழுந்துது, எல்லாமே எழும்புது. விற்கிறவர் சொல்வதை நம்பாமல், கடையில் நின்றபடியே நாமே பார்த்துக்கொள்ள வழி இருக்கா? விலை, பிராண்டு பற்றிக் கேட்கவில்லை. பொருள் எப்படி என்று தெரிந்தால் போதும்.

அரசலாறு:

வழி இருக்கு. கைக்கு ஒரு டேப், ஒரு தராசு, போன்ல இருக்கிற கால்குலேட்டர், இவ்வளவுதான் வேணும்.

முதல்ல டென்சிட்டின்னா என்னன்னு பிடிச்சுக்குங்க. ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ எடை, அதான் டென்சிட்டி. 50 டென்சிட்டின்னா ஒரு கன மீட்டருக்கு 50 கிலோ. மெத்தை கெட்டியா, மெத்துனு இருக்காங்கிறது இதுல வராது. அது வேற அளவு. 30 டென்சிட்டியில கல்லு மாதிரியும் நுரை ஊத்தலாம், 60 டென்சிட்டியில வெண்ணெய் மாதிரியும் ஊத்தலாம். ஆனா எத்தனை வருஷம் பள்ளம் விழாம தாங்கும்ங்கிறது பெரும்பாலும் டென்சிட்டியில இருக்கு. எடை குறைஞ்சா உள்ள பொருள் குறைவு, காத்து அதிகம். தினமும் ரெண்டு பேரு எட்டு மணி நேரம் அமுக்கினா அந்தக் காத்து அறைகளோட சுவர்தான் முதல்ல ஒடியும்.

மெமரி அடுக்குக்கு (உடம்புச் சூட்டுக்கு இளகி, அமுக்கினா மெல்ல எழும்புற மேல் நுரை) 50க்குக் கீழ வேண்டாம். 55, 60 கிடைச்சா நல்லது. அடியில வர்ற சாதா நுரைக்கு 32 குறைஞ்ச அளவு. அப்பா 74 கிலோங்கிறதால 36லேர்ந்து 40 இருந்தா நிம்மதி.

இப்ப கணக்கு. நீளம், அகலம், கனம் மூணையும் இஞ்ச்ல பெருக்கி 61,024ஆல வகுத்தா கன மீட்டர் வந்துடும். 75×60×2 மெமரி அடுக்குன்னா 9000ஐ 61,024ஆல வகுக்கணும், 0.1475 வரும். 50 டென்சிட்டின்னா அந்த அடுக்கு மட்டும் 7.4 கிலோ இருக்கணும். அடியில 4 இஞ்ச் நுரை 0.295 கன மீட்டர். 32 டென்சிட்டின்னா 9.4 கிலோ. மேலுறை ஒன்றரையிலேர்ந்து ரெண்டு கிலோ. ஆக மொத்தம் 18லேர்ந்து 19 கிலோ. இதைவிட ரொம்பக் குறைஞ்சா எங்கயோ பொய் இருக்கு.

கடையில பெரிய தராசு இல்லாட்டி லக்கேஜ் தூக்கிப் பாக்கிற தொங்கு தராசு வாங்கிட்டுப் போங்க, 50 கிலோ வரைக்கும் காட்டும். அதுவும் இல்லையா, எடை பாக்கிற மிஷின்ல ஆளு தனியா ஒரு தடவை, மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கிட்டு ஒரு தடவை. அரைக் கிலோ முன்ன பின்ன வரும், பரவாயில்ல. கூரியர்ல வர்ற மெத்தைன்னா பெட்டி மேல ஒட்டியிருக்கிற எடையை நம்பாதீங்க. அது பெட்டியோட அளவை வெச்சுப் போட்ட கணக்கு எடையா இருக்கலாம்.

சாம்பிள் துண்டு கேட்டு வாங்க முடிஞ்சா இதைவிட சுலபம். 10 செ.மீ. நீளம், 10 அகலம், 10 உயரம் உள்ள துண்டு எத்தனை கிராமோ அதுதான் டென்சிட்டி. 50 கிராம்னா 50. சாம்பிள் 2 இஞ்ச் கனம்தான்னா அது கிட்டத்தட்ட 5 செ.மீ.; 10க்கு 10 வெட்டி, வர்ற கிராமை ரெண்டால பெருக்கிக்குங்க. சமையல் தராசு ஒரு கிராம் வரைக்கும் காட்டினா போதும். ஒரே எச்சரிக்கை: மேஜை மேல அழகா அடுக்கி வெச்சிருக்கிற கட் பீஸ் வேற, குடோன்லேர்ந்து வர்ற மெத்தை வேறயா இருக்கலாம். அதனாலதான் ஜிப் கவர் போட்ட மெத்தையா பாருங்கன்னு சொல்றது. ஜிப்பைத் திறந்து ஒரு மூலையில டேப் வெச்சு ஒவ்வொரு அடுக்கும் எத்தனை இஞ்ச்னு அளந்துடலாம். நாலு பக்கமும் தைச்சு மூடின மெத்தைல உள்ள என்ன இருக்குன்னு விக்கிறவருக்கே தெரியாது.

அளக்கிறப்ப இன்னொண்ணு. மேலுறையோட சேத்துத் தைச்ச குயில்டிங்ல அரை இஞ்சுக்கும் குறைவா மெமரி ஷீட்டு வெச்சுட்டு 'மெமரி ஃபோம் மெத்தை'ன்னு பேர் போடுறது சகஜம். ரெண்டு இஞ்ச் தனி அடுக்கா இருக்கணும். அடி நுரை ஒரே பாளமா இருக்கணும். குறுக்கே ஒட்டுப் போட்டிருந்தா ஒட்டின இடம் வரப்பு மாதிரி கெட்டியா நிக்கும், முதுகுக்குத் தெரியும்.

வெட்டாறு:

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் எடையை மட்டும் வைத்து முடிவு செய்தால் இரண்டு இடத்தில் ஏமாறலாம்.

ஒன்று, சுண்ணாம்புத் தூள். நுரை ஊற்றும்போதே கால்சியம் கார்பனேட் கலந்தால் எடை ஏறும், டென்சிட்டி எண் அழகாக வரும், தாங்கும் சக்தி ஏறாது. இறங்கவும் செய்யும். வெட்டு முனையைக் கறுப்புத் துணியில் நான்கைந்து முறை அழுத்தித் தேயுங்கள். வெள்ளைத் தூள் படிந்தால் சந்தேகப்படலாம். ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தால் நல்ல நுரை நீண்டு, பிறகு கிழியும். தூள் கலந்தது ரஸ்க் மாதிரி உதிரும்.

இரண்டு, ரீபாண்டட். நுரைக் கழிவை அரைத்து, பசை போட்டு அழுத்திய பாளம். பல நிறத் துணுக்குகள் தெரியும். இதன் டென்சிட்டி 80, 90, அதற்கு மேலும் போகும். அந்த எண்ணைச் சாதா நுரையின் எண்ணோடு வைத்துப் பார்க்கவே கூடாது. 75×60 மெத்தையில் ஒரு இஞ்ச் மெமரியும் 5 இஞ்ச் ரீபாண்டட்டும் போட்டால் 37 கிலோ வரும். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டைக்கு மூன்று கிலோதான் குறைவு. 'கனத்தைப் பாருங்க சார்' என்று தூக்கிக் காட்டுவார்கள். கெட்டியான படுக்கை வேண்டும் என்பவருக்கு ரீபாண்டட் மோசமில்லை. மெமரி ஃபோம் விலைக்கு அதை வாங்குவதுதான் மோசம்.

அடுத்து, அது மெமரி ஃபோம்தானா? உள்ளங்கையை முழுதாக வைத்து அழுத்தி, 15 விநாடி அப்படியே பிடியுங்கள். எடுத்ததும் கைத்தடம் நின்று, மெல்ல நிரம்ப வேண்டும். 3 முதல் 8 விநாடி என்றால் நல்ல அளவு. கையோடு சேர்ந்தே எழும்பினால் பெரும்பாலும் அது மென்மையான சாதா நுரை. 15 விநாடிக்கு மேலும் பள்ளம் நின்றால் புரண்டு படுப்பது சேற்றில் கால் எடுப்பது போல இருக்கும், வயதானவர்களுக்கு ஆகாது.

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல் வருகிறது. மெமரி ஃபோம் வெப்பத்துக்கு இளகும், குளிருக்கு இறுகும். தஞ்சாவூர் ஷோரூமில் ஏசி 22ல் ஓடும்போது 6 விநாடி எடுக்கிற அதே நுரை, கத்திரி வெயில் நாளில் உங்கள் மன்னார்குடி அறையில் கையோடு எழும்பும், இன்னும் ஆழமாகவும் அழுந்தும். காற்றில் ஈரம் ஏறினாலும் கொஞ்சம் இளகும். ஆக, ஏசி கடையில் 'கச்சிதமாக இருக்கு' என்று தோன்றுவது வீட்டில் தொளதொளவென்று இருக்கும்; கடையில் ஒரு படி கெட்டியாகத் தெரிவதை எடுங்கள். ஏசி இல்லாத கடையில் மதியம் இரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு 'இது மெமரியே இல்லை' என்று நல்ல சரக்கைத் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. முடிந்தால் காலை பத்து மணிக்குள் போய்ப் பாருங்கள்.

சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமா? சாம்பிள் துண்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றில்லாமல் மூடி, ஃப்ரீசரில் அரை மணி வையுங்கள். உண்மையான மெமரி ஃபோம் மரக்கட்டை மாதிரி விறைத்து வரும். மடக்கினால் மடங்க மறுக்கும். உள்ளங்கைச் சூட்டில் இரண்டு மூன்று நிமிடத்தில், கை பட்ட இடம் மட்டும் முதலில் இளகும். சாதா நுரை ஃப்ரீசரிலிருந்து வந்தாலும் போனபடியே மெத்தென்று இருக்கும். இந்தச் சோதனையை ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்ற முடியாது. கவர் இல்லாமல் வைத்தால் ஈரம் ஏறி, பனி கட்டி, சாதா நுரையும் விறைத்துத் தெரியும். அதை மறக்க வேண்டாம்.

சாம்பிளை உதட்டில் ஒட்டி ஊதியும் பாருங்கள். காற்று மறுபக்கம் கையில் தெரிந்தால் அறைகள் திறந்திருக்கின்றன. ஊதவே முடியாத நுரை சூட்டைப் பிடித்து வைக்கும், ஏசி இல்லாத அறையில் முதுகு வேர்க்கும். ஜெல் கலந்தது முதலில் கொஞ்ச நேரம் குளிர்ச்சி தரும், பிறகு உடம்புச் சூட்டுக்கே வந்துவிடும். காற்றோட்டம்தான் விடிய விடிய உதவும். நீலம், பச்சை, கரி நிறம் எதுவும் தரத்துக்கு அடையாளமில்லை.

'நாசா' ஸ்டிக்கர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1966ல் நாசாவுக்காக விமான இருக்கைக்குச் செய்த நுரையிலிருந்துதான் இந்த வகை முழுதுமே வந்தது. அந்தக் கணக்கில் நல்லதும் நாசாதான், மட்டமானதும் நாசாதான். 'ஆர்த்தோ' என்பதற்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. சர்ட்டிபர், ஓகோ-டெக்ஸ் சான்றுகள் இருந்தால் நல்லதே. அவை நுரையிலும் துணியிலும் உள்ள ரசாயனத்தைப் பற்றிப் பேசுகின்றன, பள்ளம் விழுமா என்பதைப் பற்றி அல்ல.

கொள்ளிடம்:

தம்பி, மெத்தையைப் பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, கட்டிலைப் பத்தி யாரும் பேசலையே. நாடாக் கட்டில் மேல மெமரி ஃபோம் போடாதீங்க. நாடா தொய்யும், நுரை அதோடயே தொய்யும். ஆறு மாசத்துல 'மெத்தை பள்ளம் விழுந்துடுச்சு'ன்னு கம்பெனிக்கு எழுதுவீங்க. அவங்க கட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாரண்டி கிடையாதும்பாங்க.

சட்டத்தை அப்படியே வெச்சுக்கிட்டு நாடா மேல 12 மி.மீ. பிளைவுட் போடுங்க. நடுவுல குறுக்கே ரெண்டு ரீப்பர் தாங்கல் வேணும், இல்லாட்டி பிளைவுட்டே வளையும். பிளைவுட்ல ஆறு இஞ்சுக்கு ஒண்ணு வீதம் ஒரு இஞ்ச் துளை. துளை எதுக்குன்னா, ராத்திரி உடம்பிலேர்ந்து இறங்குற வேர்வை ஈரம் மெத்தை அடியில போய் நிக்கும். மூடின பலகைன்னா போக வழியில்ல. ஐப்பசி கார்த்திகையில நம்ம பக்கம் சுவரே வேர்க்கும். பொங்கலுக்கு மெத்தையைப் புரட்டிப் பார்த்தா அடியில கறுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சணம். பலகைப் பட்டி அடிக்கிறதா இருந்தா பட்டிக்குப் பட்டி இடைவெளி மூணு இஞ்சுக்கு மேல போகக்கூடாது, போனா நுரை இடுக்குல இறங்கி அச்சு விழும்.

தரையில நேராப் போடுறது வேண்டவே வேண்டாம். ஈரம் கீழேர்ந்தும் வரும் மேலேர்ந்தும் வரும்.

கட்டிலோட உள் அளவை டேப் வெச்சு எடுத்தீங்களா? பழைய தேக்குக் கட்டில் நிறைய 72 இஞ்ச் நீளம்தான். சட்டம் தூக்கி நிக்கிற கட்டில்னா மெத்தை நீளத்துலயும் அகலத்துலயும் கால் இஞ்ச் குறைச்சலா இருக்கணும். இடிச்சுத் திணிச்சா நடுவுல கூடாரம் மாதிரி தூக்கும். நாலு மூலையும் அளங்க, குறுக்கு அளவும் எடுங்க. பழைய கட்டில் ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும்.

உயரமும் பாருங்க. கட்டில் 18 இஞ்ச், மெத்தை 6 இஞ்ச், ஆக 24. அம்மா உக்காந்தா கால் தரையில படுமா? உக்காந்த பிறகு மேல்மட்டம் 18லேர்ந்து 20 இஞ்ச் இருந்தாதான் வயசானவங்க ஊணி எந்திரிக்க சௌகரியம். தேவைன்னா கட்டில் காலை அறுக்கலாம், ஆசாரிக்கு அரை மணி வேலை. தாத்தா காலத்துக் கட்டில்னு மனசு வராட்டி 5 இஞ்ச் மெத்தையா எடுங்க, ஆனா மெமரி 2 இஞ்சைக் குறைக்காதீங்க, அடி நுரையைக் குறைங்க.

இன்னொண்ணு, பழக்க தோஷம். இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில வெயில்ல போட்டுக் குச்சியால தட்டி எடுப்போமே, அதை இதுக்குச் செய்யாதீங்க. நேர் வெயில் பட்டா நுரை மஞ்சளாகி மேல் தோல் பொடியும். நிழல்ல, காத்துல, ஃபேன் அடியில சாய்ச்சு வெச்சா போதும். தண்ணி பட்டுச்சுன்னா பிழியாதீங்க, உள்ளேயே கிழிஞ்சுடும். துணி வெச்சு அமுக்கி ஒத்தி எடுக்கணும்.

குடமுருட்டி:

ஏற்கெனவே நல்ல பதில்கள் வந்திருக்கின்றன. படுத்துப் பார்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன். மெத்தை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து இரண்டு தடவை குதித்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது.

அப்பா அம்மா இருவரையும் அழைத்துப் போங்கள். மெமரி ஃபோம் உடம்புச் சூட்டுக்கு இளக ஐந்து நிமிடமாவது ஆகும். அதனால் ஒரு மெத்தையில் பத்துப் பதினைந்து நிமிடம் படுக்க வேண்டும். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள். வீட்டுத் தலையணையையும் கொண்டுபோங்கள், கடைத் தலையணை உயரம் மாறினால் கழுத்து தப்பான பதில் சொல்லும்.

அப்பா மல்லாந்து படுத்ததும் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவில் உங்கள் கையை நுழைத்துப் பாருங்கள். தாராளமாகப் புகுந்து போனால் மெத்தை அவருக்குக் கெட்டி. கையே நுழையாமல் இடுப்பு தோளைவிடக் கீழே இறங்கியிருந்தால் மிருது. லேசாக உரசிக்கொண்டு போவதுதான் சரி. அம்மா ஒருக்களித்துப் படுக்கும்போது பின்னால் நின்று முதுகெலும்பைக் கண்ணால் பாருங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரே கோடாக இருக்க வேண்டும். தோளில் அழுத்தம் என்று சொன்னால் மெமரி அடுக்கு மெல்லியது. நடுவில் தொட்டில் மாதிரி வளைந்தால் அடி நுரைக்கு வலு இல்லை.

பிறகு இருவரையும் சேர்ந்து படுக்கச் சொல்லி, ஒருவரைப் புரளச் சொல்லுங்கள். மற்றவருக்கு ஆட்டம் தெரியக் கூடாது. மெமரி ஃபோமின் நல்ல குணமே அதுதான். கடைசியாக ஓரத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடம் பாதிக்கு மேல் சரிந்து வழுக்கினால் இரவில் பாத்ரூம் போக எழும்போது விழ வாய்ப்புண்டு. வயதானவர்களுக்கு இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல மெத்தையைக்கூட வேண்டாம் என்று சொல்லலாம்.

முட்டி வலி, புரளவே சிரமம் என்றிருந்தால் மெமரி 2 இஞ்சுக்கு மேல் போகாதீர்கள். 3, 4 இஞ்ச் உள்ளவை உடம்பை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

பாமணியாறு:

எல்லாருக்கும் நன்றி. கும்பகோணத்தில் ஒரு கடையில் தொங்கு தராசோடு போய் நின்றேன், ஒரு மாதிரி பார்த்தார்கள், பரவாயில்லை. ஜிப் கவர் மெத்தை, 75×60×6. லேபிளில் 'மெமரி 2 இஞ்ச் 50 டென்சிட்டி, ஹெச்ஆர் 4 இஞ்ச் 40 டென்சிட்டி' என்று இருக்கிறது (ஹெச்ஆர் என்றால் ஹை ரெசிலியன்ஸ், நன்றாக எழும்பும் அடி நுரை). டேப்பில் அடுக்கு இரண்டும் சரியாக இருந்தன. மொத்த எடை 15.2 கிலோ. கைத்தடம் 4 விநாடி (ஏசி ஓடிக்கொண்டிருந்தது). கறுப்புத் துணியில் தூள் எதுவும் இல்லை. கடைக்காரர் 'டென்சிட்டி வேற, எடை வேற சார்' என்கிறார். எடுக்கலாமா?

இன்னொரு கடையில் அதே அளவு, 'மெமரி 2 இஞ்ச் 50, அடி நுரை 4 இஞ்ச் 36', எடை 19.4 கிலோ.

அரசலாறு:

எடை வேற டென்சிட்டி வேறன்னு சொல்றவர்கிட்ட வாதாட வேண்டாம், கணக்கைப் போட்டு விட்டுடுங்க.

முதல் மெத்தை. 15.2ல கவருக்கு 1.7 கழிச்சா 13.5 கிலோ நுரை. 6 இஞ்ச் மொத்தம் 0.4424 கன மீட்டர். 13.5ஐ அதால வகுத்தா சராசரி 30 சொச்சம். லேபிள் உண்மைன்னா 7.4 மெமரி, 11.8 ஹெச்ஆர், 1.7 கவர், ஆகமொத்தம் 21 கிலோ கிட்ட வந்திருக்கணும். ஆறு கிலோ எங்க போச்சு? சரி, மெமரி நெஜமாவே 50தான்னு அவர் பக்கமே நின்னு பார்ப்போம். 13.5ல 7.4 போனா 6.1 கிலோ. அதை 0.295ஆல வகுத்தா 21 டென்சிட்டி. ஹெச்ஆர்னு சொல்லிக்கிற நுரை 21ல கிடையாது. அது சோபா சாயுற பக்கம் வெக்கிற சரக்கு. அப்பா இடுப்பு படுற இடம் சீக்கிரமே இறங்கிடும். வேண்டாம்.

ரெண்டாவது. 19.4ல கவர் 1.7 போக 17.7. மெமரி 7.4 போக 10.3. 0.295ஆல வகுத்தா 35. லேபிள்ல 36. கவர் எடையை நாம ஊகமா வெச்சிருக்கோம், தராசும் கொஞ்சம் முன்ன பின்ன காட்டும். இது நேர்மையான சரக்கு. இதுக்கு ஃப்ரீசர் சோதனையும் படுத்துப் பாக்கிறதும் பாக்கி இருந்தா முடிச்சுட்டு எடுங்க.

துண்டு கொடுத்தாங்கன்னா இன்னொரு சோதனையும் பண்ணலாம். 5 செ.மீ. கனத் துண்டை ரெண்டு மரப்பலகைக்கு நடுவுல வெச்சு 2.5 செ.மீ. ஆகிற வரைக்கும் இறுக்கிக் கட்டி ஒரு நாள் சூடான இடத்துல வைங்க, வெயில் நேரா படாம. அவுத்து அரை மணி கழிச்சு அளங்க. 4.8க்கு மேல வந்தா நல்லது. 4.5க்குக் கீழ நின்னா விட்டுடுங்க. ஆய்வுக்கூடத்துல இதையே பாதியா அமுக்கி 70 டிகிரி சூட்டுல 22 மணி நேரம் வெச்சுப் பாப்பாங்க; நம்ம வீட்டுச் சோதனை அவ்வளவு கறார் இல்ல, ரெண்டு கடைத் துண்டை ஒப்பிட மட்டும் வெச்சுக்குங்க.

வெட்டாறு:

பில் போடும்போது கவனிக்க: ஜிஎஸ்டி பில்லில் வெறுமனே 'மெத்தை 1' என்று எழுதுவார்கள். ஒவ்வொரு அடுக்கின் கனமும் டென்சிட்டியும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். பின்னால் நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் கொடுப்பதானாலும் கையில் இருக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்.

'10 வருட வாரண்டி' என்பதில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: எத்தனை மி.மீ. பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள்? 25 மி.மீ. என்று போட்டிருப்பவர்கள் உண்டு, 38 என்று போட்டிருப்பவர்களும் உண்டு. ஆள் படுக்காதபோது அளக்க வேண்டும் என்பதால் 38 மி.மீ. பள்ளம் விழும் முன்பே முதுகு போய்விடும். மேலுறையில் ஈரக் கறை இருந்தால் வாரண்டி இல்லை என்பதும் பெரும்பாலும் இருக்கும். அதற்காக ரெக்ஸின் மாதிரி வாட்டர்ப்ரூஃப் உறை போடாதீர்கள், காற்று அடைபட்டுக் கொதிக்கும். பருத்தி மேலுறை, மெல்லிய ஈரத்தடுப்பு உள்ளதாகப் பாருங்கள்.

சுருட்டிப் பெட்டியில் வருவதாக இருந்தால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பல மாதம் நசுங்கிக் கிடந்தது முழுதாக எழும்பாது. பிரித்து 72 மணி நேரம் விட்டு, நான்கு மூலையும் நடுவும் அளந்து, 6 இஞ்ச் வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பெட்டியைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போடுங்கள். புது நுரை வாசம் மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்தில் அடங்கும். கண் எரிச்சலோடு அதற்கு மேலும் நின்றால் திருப்பிக் கொடுங்கள்.

பாமணியாறு:

இரண்டாவதையே முடித்துவிட்டேன். ஃப்ரீசரில் துண்டு விறைத்தது. அப்பாவுக்கு இடுப்பில் கை உரசிக்கொண்டு போகிறது. அம்மாவுக்கு ஓரம் சரியவில்லை. பில்லில் அடுக்கு விவரம் எழுதிக் கொடுத்தார்கள். ஆசாரியிடம் பிளைவுட் சொல்லியாச்சு, கட்டில் காலில் இரண்டு இஞ்ச் குறைக்கப் போகிறார்.

இரண்டு சந்தேகம். சித்திரை வைகாசியில் மெத்தை மேல் கோரைப்பாய் விரித்துப் படுப்பது அப்பா வழக்கம், அது சரியா? அப்புறம், மெத்தை அழுக்காகக் கூடாது என்று அம்மா அந்தப் பிளாஸ்டிக் உறையோடவே போடச் சொல்கிறார்.

கொள்ளிடம்:

பாய் விரிச்சா உடம்புச் சூடு நுரைக்குப் போகாது, பாயும் வளையாது. காசு கொடுத்து வாங்கின மெமரி அடியில சும்மா கிடக்கும். கெடுதல் ஒண்ணும் இல்ல, அந்த ரெண்டு மாசம் அவர் இஷ்டம். பாய் ஓரத்து நூல் முடிச்சு மேலுறையைக் கிழிக்காம அடியில ஒரு போர்வையைப் போடுங்க.

பிளாஸ்டிக்கை அன்னிக்கே கிழிச்சு எறிங்க. அதோட போட்டா வேர்வை உள்ள இறங்க வழியில்லாம விரிப்பு நனையும், நுரை வாசமும் உள்ளேயே கிடக்கும், புரளும்போது சலசலன்னு சத்தம் வேற. அம்மாகிட்ட பருத்தி உறை ரெண்டு வாங்கிக் கொடுத்துடுங்க, மாத்தி மாத்தித் துவைச்சுக்கட்டும்.